மூன்றாவது வரிசை, இடது ஓரம்

புனேக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. ஒவ்வொரு ஆனியிலும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பால்கி, அதாவது பல்லக்கு ஊர்வலம், போகும். மராத்தி ஞானிகள் இருவர், ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளும் தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் ஏறி, பண்டரிபுரம் போகும் வழியில் ஒரே நாளில் நகரத்துக்குள் வந்து சேரும். தெருமுனையில் மேஜை போட்டு வாழைப்பழம், தண்ணீர், பிஸ்கட் கொடுப்பவர்களோடு நானும் நிற்பேன். முதல் வருஷம் ஒரு பெரியவரிடம் பழத்தை நீட்டினேன். எழுபது வயதாவது இருக்கும். நான் கும்பிடுவதற்குள் அவர் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டார். பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தேன். "மாவுலி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

மாவுலி என்றால் தாய். ஞானேஸ்வரரை மராத்தியர்கள் அழைக்கும் பெயர் அது. பண்டரிபுரம் நடக்கிற வழியில் எல்லோருக்குமே அதுதான் பெயர். தண்ணீர் கொடுப்பவர், வழி விடுபவர், தெரியாமல் காலை மிதித்துவிட்டவர், போலீஸ்காரர், எல்லோரும் மாவுலி. ஒருவர் காலில் ஒருவர் விழுவார்கள். வயதும் சாதியும் பார்க்காமல் விழ வேண்டும் என்பது, இப்படிப் பண்டரிபுரம் நடக்கிற வார்க்கரிகளின் முறை.

இரண்டு வருஷம் முன்பு, ஆளந்தியிலிருந்து புனே வரைக்கும் தனியாக ஒருநாள் நடந்து பார்த்தேன். கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. பாட்டுக் கேட்டது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஊர்வலத்தோடு போனேனே தவிர அதற்குள் போகவில்லை என்று தோன்றியது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சொன்னேன். "திண்டியில சேராம நடந்தா அப்படித்தான் இருக்கும் தீதி" என்றார். அவருடைய மாமனார் ஊர்த் திண்டி ஒன்றில் எனக்கு இடம் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். போன ஆனியில் ஏழு நாள் விடுப்பு எடுத்தேன். புனேயிலிருந்து தரட்காவ் வரைக்கும் என்று பேச்சு.

திண்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பாதுகைகள் இருக்கும் வெள்ளி ரதத்தைக் காளைகள் இழுக்கும். ரதத்துக்கு முன்னால் 27 திண்டிகள், பின்னால் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, அந்த எண்ணுக்குரிய இடம் உண்டு. எந்தத் திண்டி எதற்குப் பின்னால் போக வேண்டும் என்பது மாறாது. திண்டிக்குள்ளும் அப்படித்தான். முன்னால் காவிக் கொடி பிடித்தவர்கள், அப்புறம் வரிசை வரிசையாக ஜால்ரா போடுகிறவர்கள், நடுவே பக்வாஜ் மிருதங்கம், வீணையைத் தோளில் மாட்டியவர், அவர்களுக்குப் பின்னால் துளசி மாடத்தையும் தண்ணீர்க் குடத்தையும் தலையில் வைத்திருக்கும் பெண்கள். எங்கள் திண்டி ரதத்துக்குப் பின்னால் வருவது. சாப்பாட்டுக்கும் கூடாரத்துக்கும் ஒரு தொகை கட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். மூட்டையையெல்லாம் லாரி சுமக்கும். என்னைப் பெண்கள் பகுதியில் மூன்றாவது வரிசையில், இடது ஓரத்தில் நிற்க வைத்தார்கள். "பண்டரிபுரம் வரைக்கும் இதுதான் உங்க இடம். சாப்பாட்டுக்கு எழுந்து போனாலும் திரும்பி இங்கேதான் வரணும்" என்றார் திண்டித் தலைவர். ஏழே நாள்தான் இருப்பேன் என்று தெரிந்தும் பண்டரிபுரம் வரைக்கும் என்றுதான் சொன்னார்.

எனக்கு வலது பக்கம் ஓர் ஆஜி. மராத்தியில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பர்பணிப் பக்கம், பருத்தியும் சோயாவும் போடுகிற குடும்பம். விதைப்பு முடிந்ததா என்று கேட்டேன். மழை ஒரு தடவைதான் பெய்திருக்கிறது, மகன் பார்த்துக்கொள்வான் என்றார். ஒன்பது கெஜச் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டி, ரப்பர் செருப்பு, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் கோபிசந்தனமும் புக்கா என்கிற கறுப்புப் பொடியும். என்னுடைய புது ஷூவை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

புனேயிலிருந்து ஸாஸ்வட் வரைக்கும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். முழு வழியிலும் நீளமான நாட்களில் அது ஒன்று. அன்று ஏகாதசியும்கூட. வழியெல்லாம் ஜவ்வரிசிக் கிச்சடியும் வாழைப்பழமும் கடலை உருண்டையும்தான். ஹடப்ஸரில் இரண்டு பல்லக்கும் பிரிகின்றன. துக்காராம் சோலாப்பூர் சாலையில் லோணி காள்போர் பக்கம் போய்விடுவார், ஞானேஸ்வரர் திவே கணவாய் ஏறுவார். அங்கே ரதத்தில் கூடுதல் ஜோடிக் காளைகளைப் பூட்டுவார்கள். வளைந்து வளைந்து ஏறும் சாலையில் மேலே போனவர்கள் கொண்டை ஊசி வளைவில் நம் தலைக்கு மேலே தெரிவார்கள், கீழே வருகிறவர்கள் வெள்ளை வேட்டியும் காவிக் கொடியுமாக ஒரே ஓட்டமாகத் தெரிவார்கள். நகரத்திலிருந்து நிறையப் பேர் அந்த ஒரு நாளுக்கு மட்டும் வருகிறார்கள். கணவாயில் நின்று படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு ராத்திரியாவது தங்கிப் போங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்வேன். வாரி என்று சொல்லும் இந்த யாத்திரையின் பாதி, நடை நின்ற பிறகுதான் இருக்கிறது.

ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. என் வழக்கமான நடை, வேகமாக ஏறி நின்று இளைப்பாறி மறுபடி ஏறுவது. இங்கே அது முடியாது. வரிசை ஒரே தாளத்தில் போகிறது. பக்வாஜ் எப்படி அடிக்கிறதோ கால் அப்படி விழ வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அதோடு போராடினேன். அப்புறம் எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. "ஞானோபா மாவுலி துக்காராம்" என்று முன்வரிசை சொல்ல, நாங்கள் வாங்கித் திருப்பிச் சொல்ல, மூச்சு தானாகப் பாட்டின் இடைவெளியில் போய் உட்கார்ந்துகொண்டது. கணவாய் உச்சிக்கு வந்தபோதுதான் ஏறி முடித்திருக்கிறோம் என்று தெரிந்தது.

அந்தப் பாட்டுகள் எனக்கு முற்றிலும் புதிதில்லை. தஞ்சாவூரில் எங்கள் தெரு பஜனை மடத்தில் பண்டரிபுரத்து விட்டலனைப் பாடும் மராத்திப் பாட்டுகளான அபங்கங்களைப் பாடுவார்கள். 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆண்ட ஊர் அல்லவா, அவர்கள் பாட்டும் ஊரோடு தங்கிவிட்டது. பாட்டி தமிழ் எழுத்தில் எழுதிவைத்த நோட்டைப் பார்த்துப் பாடுவாள். பொருள் தெரியாது, விட்டலன் பெயர் வரும் இடம் மட்டும் தெரியும். கணவாயில் ஒரு மெட்டு சட்டென்று பிடிபட்டு, நானும் முழு அடியைப் பாடினேன். ஆஜி திரும்பிப் பார்த்து என் கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்துத் தட்டவைத்தார்.

ஸாஸ்வட்டில் கூடாரத்துக்குள் ஷூவைக் கழற்றியபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. ஆஜி ஒரு வார்த்தை பேசாமல் தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார். சுருக்குப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய். அதைச் சூடு பறக்கத் தன் உள்ளங்கையில் தேய்த்து, கொப்புளத்தைச் சுற்றி மட்டும் தடவினார். பழைய பருத்திச் சேலையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, குதிகாலிலிருந்து கணுக்காலுக்குக் குறுக்காகக் கொண்டுபோய், முடிச்சு மேலே தோலில் உறுத்தாதபடி பக்கவாட்டில் போட்டார். அவர் பாதத்தை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். குதிகால் வெடிப்புகளில் மண் நிரம்பி, கோடு கோடாக, கரிசல் காடு கோடையில் வெடித்திருப்பதுபோல. "நாளைக்கு ஷூ வேண்டாம்" என்றார். ஸாஸ்வட்டில் ஒருநாள் கூடுதலாகத் தங்கல். கடைத்தெருவில் அவர் போட்டிருந்த மாதிரி ரப்பர் செருப்பு வாங்கினேன். அதற்கப்புறம் கால் ஒன்றும் சொல்லவில்லை.

ஸாஸ்வட்டில்தான் ஞானேஸ்வரரின் தம்பி சோபானரின் சமாதி. தம்பியின் பல்லக்கும் அங்கிருந்து தனியாகப் பண்டரிபுரம் கிளம்புகிறது. அண்ணன் 1290இல் கீதைக்கு மராத்தியில் உரை சொல்லி, 1296இல் ஆளந்தியில் சமாதியானவர். 21 வயது. இத்தனை லட்சம் பேர் தாய் என்று கூப்பிடுவது ஓர் இளைஞனை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பெண்களுக்கு இந்த நடை கஷ்டமா என்று கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். கஷ்டம்தான். அரசாங்கம் நடமாடும் கழிப்பறைகள் வைக்கிறது, முன்பைவிட எவ்வளவோ மேல் என்றார்கள் வயதானவர்கள். ஆனாலும் கூட்டத்துக்குப் போதவில்லை. குளியல் லாரித் தண்ணீரில். இரண்டரை மணிக்கே எழுந்துவிட்டால் இருட்டில் நாலு பேர் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மாற்றி ஒருவர் குளித்துவிடலாம். மூன்றரைக்கு மேல் அது முடியாது. மருந்து சாப்பிடுகிறவர்கள் மருந்தை லாரி மூட்டையில் வைக்காதீர்கள், இடுப்பிலேயே இருக்கட்டும். லாரி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்கு விலை உயர்ந்த கோட்டு வேண்டாம், தலையிலிருந்து முதுகு வரைக்கும் விழுகிற மாதிரி எல்லோரும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பே போதும். ராத்திரி அதையே கீழே விரித்துக்கொள்ளலாம்.

விடிவதற்கு முன்னால் கர்ணா என்கிற நீண்ட கொம்பை மூன்று தடவை ஊதுவார்கள். முதல் தடவைக்குத் தயாராக வேண்டும். இரண்டாவதுக்கு அவரவர் இடத்தில் வந்து நிற்க வேண்டும். மூன்றாவதுக்குப் பல்லக்கு நகரும். இந்த ஒழுங்கைக் கட்டியவர் ஹைபத்பாபா ஆர்பல்கர். பண்டரிபுரத்துக்கு நடந்து போவது ஞானேஸ்வரர் காலத்துக்கும் முந்திய வழக்கம். துக்காராமின் மகன் நாராயண மகராஜ் 1685இல் இரண்டு ஞானிகளின் பாதுகைகளையும் ஒரே பல்லக்கில் வைத்துக் கொண்டுபோக ஆரம்பித்தார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஞானேஸ்வரர் பல்லக்கைத் தனியாகக் கிளப்பியவர் ஹைபத்பாபா. குவாலியர் சிந்தியாக்களிடம் வேலை பார்த்துவிட்டு ஆளந்திக்கு வந்து தங்கிவிட்டவர். கொம்பு, கொடி, அணி, தங்கல், குதிரை எல்லாம் ஒரு படை நகர்கிற முறை. அதில் ஆயுதத்தை எடுத்துவிட்டு ஜால்ராவைக் கொடுத்துவிட்டார் மனுஷர். வழிகாட்டி என்று எங்கள் முன்னால் குடை பிடித்து ஒருவர் நடக்கவில்லை. திண்டித் தலைவரும் பாடிக்கொண்டுதான் வந்தார். வழியை அந்த முறைதான் காட்டியது.

ஜேஜுரியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கண்டோபா சாமியின் ஊர். பல்லக்கின்மேல் மஞ்சள் பொடியை வாரி இறைத்து வரவேற்றார்கள். இரண்டு நாள் வரைக்கும் சேலை மடிப்பிலிருந்து மஞ்சள் உதிர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்த தங்கல் வால்ஹே. அங்கே நடந்ததுதான் நான் எழுத உட்கார்ந்ததே. எங்கள் கூடாரத்துக்கென்று அளந்து விட்டிருந்த இடத்தில் இன்னொரு திண்டியின் லாரி நின்றுகொண்டிருந்தது. மழை வேறு. ஓட்டுநரைக் காணோம். ஒன்றரை மணி நேரம் பெண்கள் எல்லாம் பிளாஸ்டிக் விரிப்புக்குள் குந்தி உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோபம். போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். ஆஜி முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "ராத்திரி மாவுலிகிட்ட சொல்லிக்கலாம்" என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ராத்திரி பல்லக்கு வந்து இறங்கியதும் எல்லாத் திண்டிகளும் அதைச் சுற்றி வட்டமாக வந்து நின்றன. சமாஜ ஆரத்தி. ஆயிரக்கணக்கான ஜால்ராக்கள் ஒரே நேரத்தில். பக்கத்தில் நிற்கிறவர் வாய் அசைவதுதான் தெரியும். வெள்ளிக் கோல் வைத்திருக்கும் சோப்தார் உயரமான இடத்தில் ஏறிக் கோலைத் தூக்கி நீளமாக ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். அத்தனை ஜால்ராவும் நின்றது. தூரத்தில் எங்கோ ஒரு கைக்குழந்தை அழுவது கேட்டது.

எங்கள் திண்டி மட்டும் நிறுத்தவில்லை. ஐம்பது அறுபது ஜால்ராக்கள், அந்த அமைதிக்கு நடுவே, டணங் டணங் என்று. எனக்கு வெலவெலத்துப் போய்விட்டது. ஆஜியைப் பார்த்தால் அவரும் கையிலிருந்த சின்ன ஜால்ராவை அடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். குறை உள்ள திண்டி இப்படித்தான் சொல்ல வேண்டுமாம். கேட்கிற வரைக்கும் தாளத்தை நிறுத்தக் கூடாது, கேட்காமல் ஆரத்தியும் தொடங்காது. சோப்தார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்களிடம் வந்தார். எங்கள் தலைவர் நடந்ததைச் சொன்னார், நாலே வாக்கியம். லாரித் திண்டியின் தலைவரைக் கூப்பிட்டார்கள். அவரும் சாக்குச் சொல்லவில்லை. ஓட்டுநர் காய்ச்சலில் படுத்துவிட்டார், சாவி அவரிடம் இருந்தது, நாளையிலிருந்து இப்படி நடக்காது என்றார். இருவரும் ஒருவர் காலில் ஒருவர் விழுந்தார்கள். எங்கள் ஜால்ரா நின்றது.

அதற்கப்புறம் காணாமல்போன பொருள்களை அறிவித்தார்கள். ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு சுருக்குப் பை, திண்டியைத் தவறவிட்டு நிற்கும் ஒரு தாத்தா. அடுத்த நாள் புறப்படும் நேரம். எல்லாம் முடிந்துதான் ஆரத்தி. மனத்தில் கசப்போடு ஒருவரும் அங்கே நின்று கும்பிட வேண்டாம் என்று யாரோ ஒருவர் 200 வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார். அன்று ஆரத்தி பாடும்போது எனக்குக் கோபம் ஒரு துளியும் இல்லை. அந்த ஓட்டுநருக்குக் காய்ச்சல் விட்டதா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் போய் விசாரித்தேன், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நீரா ஆற்றில் பாதுகைகளை நீராட்டினார்கள். ஆற்றைத் தாண்டினால் சாதாரா மாவட்டம். லோணந்த் போகிற வழியில் ஆஜி தன் தலையிலிருந்த துளசி மாடத்தை என்னிடம் கொடுத்தார். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, மாடத்தை ஏற்றி, என் வலது கையை எடுத்து விளிம்பில் வைத்தார். பித்தளை. கனம் கழுத்தில் இறங்கியது. தலையை ஆட்டாமல் நேராகப் பார்த்து நடக்க வேண்டும், கீழே குனிந்து வழி பார்க்க முடியாது. பக்கத்தில் நடந்த ஆஜி "கல்லு", "பள்ளம்", "தண்ணி" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி நேரம் அவர் கண்ணால்தான் நடந்தேன்.

பண்டரிபுரத்தில் என்ன செய்வீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். சந்திரபாகையில் முழுக்கு, அப்புறம் சோகாமேளாவின் சமாதி என்றார். சோகாமேளா மகார் குலத்தில் பிறந்தவர், பதினாலாம் நூற்றாண்டுக்காரர். விட்டலனைப் பாடிப் பாடியே வாழ்ந்தவரைக் கோயிலுக்குள் விடவில்லை. சமாதி வாசலுக்கு வெளியே இருக்கிறது. தலித்துகளுக்காக அந்தக் கோயில் கதவு திறந்தது 1947இல், காந்தியவாதியான சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகு. எல்லோரையும் தாயே என்று கூப்பிடுகிற இதே வழியின் முடிவில்தான் அந்தக் கதவு அத்தனை நூற்றாண்டு மூடிக் கிடந்தது. அதை மறந்துவிட்டு வாரியைப் புகழ எனக்கு மனம் வராது. ஆஜிக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. "அவரை வெளியில நிக்க வச்சுட்டாங்க இல்லையா, அதனால அவரைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார். உள்ளே தரிசனம்? "வரிசை ஒரு நாளுக்கு மேல நிக்கணும். முட்டி தாங்காது. கலசத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டு வந்துடுவேன். பதினெட்டு வருஷமா அப்படித்தான்."

தரட்காவுக்கு முன்னால் சாந்தோபாச்சா லிம்ப் என்கிற இடத்தில் முதல் ரிங்கண். வேப்பமரத்தின் பெயரில் இருக்கும் இடம். திண்டிகள் சாலையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்க, நடுவில் இரண்டு குதிரைகள் ஓடிவரும். கர்நாடகத்தில் அங்கலி என்ற ஊரின் சிதோளே குடும்பத்திலிருந்து வருஷா வருஷம் வருகிற குதிரைகள். ஒன்றின்மேல் கொடி பிடித்தவர். இன்னொன்றின்மேல் யாரும் ஏறுவதில்லை, அது மாவுலியின் குதிரை. ஏறாத குதிரை எங்கள் முன்னால் ஒரு நொடியில் கடந்தது. வரிசை முழுவதும் குனிந்து குளம்பு பட்ட மண்ணை எடுத்தது. ஆஜியால் அவ்வளவு வேகமாகக் குனிய முடியவில்லை. நான் எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன், என் நெற்றியில் அவர் வைத்தார்.

மறுநாள் காலை தரட்காவில் நான் விடைபெற வேண்டும். இரண்டாவது கொம்புக்குப் பழக்கத்தில் என் இடத்தில் போய் நின்றுவிட்டேன். தலைவர் சிரித்துக்கொண்டே நாலாவது வரிசைப் பெண் ஒருத்தியை முன்னால் கூப்பிட்டார். நான் சாலையோரம் ஒதுங்கினேன், அவள் மூன்றாவது வரிசையில் இடது ஓரத்தில் நின்றாள். ஆஜி குனிந்து என் காலைத் தொட வந்தார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். மூன்றாவது கொம்பு ஊதியது.

ஆஷாட ஏகாதசி அன்று மாலை தலைவரின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் ஆஜி. பின்னால் பயங்கரச் சத்தம், அதனால் கத்திப் பேசினார். கலசம் நன்றாகத் தெரிந்ததாம், மேகம் விலகியதாம். ஊரிலும் மழை பெய்துவிட்டதாம், மகன் சொன்னான் என்றார். "உனக்காகவும் ஒரு கும்பிடு போட்டேன். உன் பேரைச் சொல்லலாம்னு பார்த்தா, ஏழு நாளும் உன் பேரைக் கேக்கவே இல்லை நான். மாவுலின்னு சொல்லிட்டேன்."

அவர் பெயரை நானும் கேட்டிருக்கவில்லை. "அதுவே சரி மாவுலி" என்றேன். சத்தத்தில் அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. "செருப்பைத் தூக்கிப் போட்டுடாத, அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.